அம்புக்குறி அக்காவும் திரும்பிய மலையும்

"...எடுத்தாப் பிறகு குறி போட்டால் அது பொய், தம்பி. இடத்தில இருக்கேக்கையே போட்டிட வேணும். வடக்கு எந்தப் பக்கம் எண்டு முதல் சொல்லும், பிறகு தூக்குவம்."

இதைச் சொன்னவர் அம்புக்குறி அக்கா. கேட்டுக்கொண்டு நின்றவன் நான். நான் அவசரக்காரன். அவர் சொல்லி முடிப்பதற்குள் சோபாவின் ஒரு தலைப்பைத் தூக்கி நெஞ்சில் ஏந்திவிட்டேன். மறு தலைப்பு நிலத்தில். வெளியே வாடகை லொறி நிற்கிறது. வாசலில் வீட்டுக்காரி றீற்றா அன்ரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சோபா அப்படியே நிற்கட்டும். அதை இறக்குவதற்கு முன் இந்த அக்காவைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

திசை தெரியாமல் தொலைந்துபோனவர்கள் உலகத்தில் ஏராளம். திசை மிக நன்றாகத் தெரிந்ததால் ஊரில் ஒருவரோடும் ஒத்துப்போக முடியாமல் தவித்த ஒரே ஆள் இவர்தான்.

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் றீற்றா அன்ரியின் வீடு. கீழே பேஸ்மென்றில் நான். நடுவில் அன்ரி. மேல் அறையில் அக்கா. அன்ரி மன்னார்க்காரி. விமான நிலையச் சமையற்கூடத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கல்யாணம் முடித்து பிறம்ரன் பக்கம் போய்விட்டார்கள். எஞ்சிய தாய்மையையெல்லாம் வாடகைக்கு இருப்பவர்கள் மேல் கொட்டுவார். அக்கா யாழ்ப்பாணம். நகரத்திலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் கல்லு அளக்கிறார் என்று மட்டும்தான் முதலில் எங்களுக்குத் தெரியும். கல்லை எடைதான் போடுகிறாராக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் வீடு பார்க்க வந்த அன்று அன்ரி வழமையான கேள்வியைக் கேட்டார். "சைவமோ பிள்ளை, மச்சமோ?"

அக்கா பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். "அன்ரி, உங்கட வீட்டுக்கு வடக்கு எது?"

அன்ரி ஜன்னலால் பஸ் தரிப்பைக் காட்டினார். "கிப்ளிங் நோர்த் பஸ் உந்தப் பக்கம்தான் போறது."

"அது வடக்கில்லை அன்ரி. வடக்கை விட்டு மேற்குப் பக்கமாச் சரிஞ்சு போகுது. இஞ்ச வீதி போட்டவை ஏரிக்கரையைப் பாத்துப் போட்டிட்டினம். முழு ரொறன்ரோவும் சரிவாத்தான் கிடக்கு."

"அதுக்கு நான் வாடகை குறைக்க ஏலாது, பிள்ளை" என்றார் அன்ரி.

இப்படித்தான் இருவருக்கும் பிடித்துப்போனது.

பஸ் சாரதியோடு அப்படி எளிதில் முடியவில்லை. ஒருநாள் காலையில் அக்கா பஸ்ஸில் ஏறி, முன்னால் 'நோர்த்' என்று எழுதியிருப்பது பிழை என்று சாரதிக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். அவர் ஒரு பஞ்சாபிக்காரர், பொறுமைசாலி. பின்னால் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பனியில் நின்று உதறிக்கொண்டிருக்கிறோம். "மேடம், வண்டி சரிவாகவே போகட்டும், நேரத்துக்குப் போனால் போதும்" என்றார் அவர். அன்றிலிருந்து அக்கா ஏறும்போதெல்லாம் அந்த மனிதர் தொப்பியைத் தொட்டு, "இன்றைக்கும் கொஞ்சம் சரிவுதான், மேடம்" என்று அறிவிப்பார். அக்காவும் மிகுந்த மரியாதையோடு தலையாட்டிவிட்டுப் போய் அமர்வார். தான் சொன்ன உண்மையை இந்த நகரத்தில் ஒருவராவது ஏற்றுக்கொண்டாரே என்ற திருப்தி.

பெயர் வந்த கதை வேறு. அக்காவின் வேலையில் ஒரு சட்டம் உண்டாம். மலையில் இருந்து கல்லைக் கழற்றுவதற்கு முன், அது எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது, எது மேல், எது கீழ் என்று கல்லிலேயே குறிக்க வேண்டும். குறிக்காமல் கழற்றினால் அது வெறும் கல். தெருவில் கிடப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. இந்தச் சட்டத்தை அக்கா மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவரோ சட்டைப்பையில் ஒரு கறுப்பு மார்க்கரோடு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கூட்டுவதற்காகக் கதிரையை நகர்த்தினால் அதற்கொரு அம்புக்குறி. சலவை இயந்திரத்தை இழுத்தால் அதற்கொன்று. ஒருமுறை அன்ரி அடுப்பில் இருந்து இறக்கச் சொன்ன சோற்றுப்பானையின் மூடியில்கூட ஒன்று இருந்தது. தெருப்பிள்ளைகள் அம்பை ஆங்கிலத்தில் சொல்லி 'அரோ அக்கா' என்று தொடங்கினார்கள். எங்கள் வாயில் அது அம்புக்குறி அக்காவானது. அவருக்குச் சொந்தமாக ஒரு நல்ல பெயர் இருக்கிறது. கேட்டிருக்கிறேன். வாயில் நின்றதில்லை.

மார்க்கரோடு நின்றிருந்தால் பிரச்சினையில்லை. அக்கா எதையும் இரண்டு தரம் குறிப்பவர். முதலில் மை. பிறகு, வைர முனை வைத்த ஒரு பேனையால் மெல்லிய கீறல். "மை அழியும் தம்பி. கீறல் நிக்கும்" என்பார். ஒரு கோடை காலம் வரவேற்பறைக்கு வர்ணம் பூசுவதற்காக மாதா சொரூபத்தை இறக்க வேண்டி வந்தது. இறக்கியவர் அக்கா. வர்ணம் காய்ந்து, மாதா பழையபடி மேலே ஏறியபோது பழைய இடத்தில் நூல் பிசகாமல் நின்றார். அன்ரிக்குப் பெரிய சந்தோசம். தூசி துடைக்கும்போதுதான் அடிப்பீடத்தில் அந்தச் சின்னக் கீறலைக் கண்டார்.

"மாதாவைக் கீறிப்போட்டாளே" என்று அன்ரி என்னிடம் வந்து முறையிட்டார். "இருபது வருசமா ஒரு கீறல் படாமல் வைச்சிருந்தனான், தம்பி."

அதன்பின் சில நாட்கள் அன்ரி அக்காவோடு கதைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டை மட்டும் என்னிடம் கொடுத்து மேலே அனுப்புவார். "அவளோட எனக்குக் கோவம் எண்டு சொல்லு. குழம்பில உப்புக் காணுமோ எண்டும் கேள்" என்பார்.

கோபம் தீர்ந்தது ஒரு செபமாலை நாளில். அன்று வீடு நிறைய ஆட்கள். பீடம் கிழக்குப் பார்த்து இருக்கிறதா என்று ஒரு அங்கிளுக்குச் சந்தேகம் வந்தது. தகுந்த ஆள் மாடியில் இருக்கும்போது சந்தேகப்படுவது எவ்வளவு ஆபத்து என்று அவருக்குத் தெரியாது. அக்கா திசைகாட்டியோடு இறங்கி வந்தார். இரும்பு கிட்ட இருந்தால் முள் பொய் சொல்லும் என்று சொல்லி, எல்லோருடைய சாவி, போன், மணிக்கூடு, பெல்ற் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தாச்சிச் சட்டியில் போட்டு, அந்தத் தாச்சியும் இரும்பு என்பதால் அதைக் கராஜுக்கு அனுப்பிவிட்டார். அளந்து முடிந்ததும் பீடம் சரிதான் என்றார். எல்லோருக்கும் நிம்மதி. தாச்சியைத் திரும்பக் கொண்டுவர மட்டும் எவருக்கும் ஞாபகம் வரவில்லை. கேள்வி கேட்ட அங்கிள் செபமாலை முடியும்வரை ஒரு கையில் மணியும் மறு கையில் காற்சட்டையுமாக முழங்காலில் நின்றார். அன்ரி சிரிப்பை அடக்க முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடினார். பக்தி மேலிட்டு அழுகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

சரி, இந்த அக்கா அப்படி என்னதான் அளக்கிறார்? எங்களுக்கு அது விளங்கியது கேக்கில்.

அன்ரி ஒரு மாலையில் பெரிய தட்டில் கேக் போட்டிருந்தார். மேலே கஜுப் பருப்பை ஒரே பக்கம் பார்த்தபடி வரிசை வரிசையாகப் பதித்திருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கையில் எடுத்தார்.

"இது எரிமலைக் குழம்பு எண்டு வையுங்கோ, அன்ரி. கஜு எல்லாம் குட்டிக் காந்தம். நல்ல சூடா இருக்கேக்கை உவை அங்கையும் இங்கையும் ஆடிக்கொண்டிருக்கும். ஆறேக்கை, பூமியின்ர காந்தம் இழுக்கிற பக்கம் பாத்தபடி நிண்டிடும். பிறகு லேசில அசையாது. கல்லு அந்தத் திசையை ஞாபகம் வைச்சிருக்கும்."

பிறகு கேக்கின் நடுவில் ஒரு சதுரத்தை வெட்டி, கத்தி முனையால் அந்தத் துண்டை மட்டும் மெதுவாகத் திருப்பினார்.

"இப்ப பாருங்கோ. மற்றக் கஜு எல்லாம் குசினியைப் பாக்குது. இந்தத் துண்டில இருக்கிறது ரிவியைப் பாக்குது. கஜு திரும்பினதோ, கேக் திரும்பினதோ?"

"கேக்குத்தான். நீதானே திருப்பினாய், நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"மலை திரும்பேக்கை ஒருத்தரும் பாத்துக்கொண்டு நிக்கேல்லை அன்ரி. அதுதான் கல்லைக் கேக்கிறம்."

கனடாவின் மேற்குப் பக்கத்தில் ஒரு மலைத்துண்டு இருக்கிறதாம். பூமியின் ஓடு அங்கே உடைந்து, அந்தத் துண்டு சுற்றியுள்ள நிலத்தை விட்டு வேறாகத் திரும்பியிருக்கிறது என்பது அக்காவின் எண்ணம். நகம் வளரும் வேகத்தைவிட மெல்லமாக, ஒருவருக்கும் தெரியாமல் ஒரு மலை திரும்பிப் படுக்கிறது. அன்ரி திரும்பிய துண்டைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். ஆதாரத்தை நாங்கள் மூவருமாகச் சாப்பிட்டு முடித்தோம்.

இப்போது கதை ஒரு மரப்பெட்டிக்கு வருகிறது.

மார்கழிக் குளிரில் ஆய்வுகூடத்தில் தண்ணீர்க்குழாய் ஒன்று உறைந்து வெடித்துவிட்டது. விடுமுறை முடியும்வரை பூட்டு. அக்கா ஒரு மரப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருத்த, சின்னச் சின்ன உருளைக் கற்கள். மலையில் துளைபோட்டு எடுத்தவை. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் ஒரு அம்புக்குறி, ஒரு இலக்கம்.

"இந்தப் பெட்டிதான் தம்பி என்ர வேலை" என்றார். அவர் அப்படித் தாழ்ந்த குரலில் கதைத்து நான் கேட்டதில்லை. "எங்கட பேராசிரியர் மலை திரும்பினதை நம்பேல்லை. சும்மா சரிஞ்சிருக்கும் எண்டுறார். இவைதான் சாட்சி. விடுமுறை முடிய அளந்து காட்டினால் என்ர வேலையை நீட்டுவினம். காட்டாட்டி வேலையும் முடிஞ்சுது, மலையும் முடிஞ்சுது."

"திரும்பப் போய் எடுக்க ஏலாதோ, அக்கா?"

"போற பாதை மண்சரிவில அள்ளுப்பட்டுப் போட்டுது."

மேல் அறையில் இரும்புக் கட்டில். கராஜில் கார். பேஸ்மென்றில் என் உடற்பயிற்சிக் குண்டுகள். கடைசியில் வரவேற்பறையில் இருந்த பலகை அலுமாரிதான் பெட்டிக்குப் பாதுகாப்பான இடமென்று முடிவானது. அக்கா அன்ரியிடம் அதைக் கையளித்தார்.

"கவனம் அன்ரி. இரும்பு, காந்தம் ஒண்டும் கிட்ட வரக்கூடாது."

"என்ர பிள்ளை மாதிரிப் பாக்கிறன். நீ போட்டு வா" என்றார் அன்ரி. அக்கா மிசிசாகாவில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போனார்.

நத்தார் விழாவுக்கு முதல்நாள் பிற்பகல். "தம்பி, வந்து பார், இந்த வருசக் குடில்" என்று அன்ரி மேலே இருந்து கூப்பிட்டார். அன்ரியின் பாலன் குடில் எங்கள் தெருவில் பெயர்போனது. வழக்கமாக மண்ணிறக் கடதாசியைக் கசக்கி மலை செய்வார். போய்ப் பார்த்தேன். இம்முறை கடதாசி இல்லை. பாலன் படுத்திருக்கும் குடிசைக்குச் சுற்றுமதில், கிணற்றுக்கட்டு, ஆடுகள் இறங்கி வரும் படிக்கட்டு எல்லாம் உண்மையான கல்லால். சின்னச் சின்ன உருளைக் கற்கள். பளிச்சென்று, ஒரு ஊத்தையில்லாமல், ஒரு அம்புக்குறி இல்லாமல்.

குடிசையின் கூரை பிஸ்கட் தகரம். அதன்மேல் நட்சத்திரத்தையும் சம்மனசுகளையும் பிடித்திருந்தவை, அன்ரி போன கோயிலெல்லாம் வாங்கிச் சேர்த்த பிரிஜ் காந்தங்கள்.

நான் வாய் திறப்பதற்குள் வாசல் திறந்தது. அக்கா சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு, கையில் அன்ரிக்கு ஒரு பரிசுப் பொதியோடு உள்ளே வந்தார். குடிலைப் பார்த்தார். பொதியை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"அன்ரி. கல்லில குறி இருந்ததே."

"இருந்தது பிள்ளை. பாலனுக்கு முன்னால கிறுக்கலோட வைக்கேலுமோ? இரும்பு நார் போட்டுத் தேச்சுத் தேச்சு என்ர கையும் போட்டுது."

"இரும்பு நார்" என்று அக்கா திருப்பிச் சொன்னார்.

"என்ர பிள்ளை மாதிரிப் பாக்கிறன் எண்டு சொன்னனான்தானே. பிள்ளையெண்டால் குளிப்பாட்டாம விடுறதோ? கவனமா வைக்கச் சொன்னாய். பாலனுக்குப் பக்கத்தை விடக் கவனமான இடம் இந்த வீட்டில எங்க இருக்கு? அம்புக்குறிதானே பிள்ளை. நீதான் ஊரெல்லாம் போடுறனி. திருநாள் முடிய இதிலையும் திரும்பப் போட்டால் போச்சு."

அக்கா பக்கத்தில் இருந்த கதிரையில் அமர்ந்தார். கதிரை நகர்ந்தது. அவர் அதற்குக் குறி போடவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

நான்தான் அன்ரிக்கு விளக்கினேன். கல் மலையில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதற்கு அந்தக் குறி ஒன்றுதான் சாட்சி, கழற்றிய பிறகு யாரும் திரும்பப் போட முடியாது, அது போனால் அக்காவின் வேலையும் போய்விடும் என்று சொன்னேன். அன்ரி கேட்டுக்கொண்டே வந்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. பிறகு ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டார்.

"நம்பரைத் தா. உன்ர பேராசிரியரோட நான் கதைக்கிறன்."

"என்ன சொல்லுவீங்கள், அன்ரி?"

"மலை திரும்பினது எண்டு சொல்லுறன். நான் கேக்கில பாத்தனான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். சிரித்து முடிந்தபோது பழைய ஆள் திரும்பி வந்திருந்தார். "தம்பி, ரோச் இருக்கோ? மை போனால் போகட்டும். கீறினதும் போட்டுதோ எண்டு பாப்பம்."

குடிலுக்கு முன்னால் முழங்காலில் நின்றார். முதலில் காந்தங்களைக் கழற்றித் தூரமாக அனுப்பினார். பிறகு மதிலில் இருந்து ஒரு கல்லை எடுத்து, ரோச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமில்லை. சாய்வு வெளிச்சத்தில், இரும்பு நார் தேய்த்த ஆயிரம் கோடுகளுக்குக் கீழே, ஆழமாக ஒரே ஒரு நேர்க்கோடு. அதன் நுனியில் ஒரு சின்ன அம்புமுனை. பக்கத்தில் ஒரு எழுத்தும் இலக்கமும்.

"ஏ ஏழு" என்றார் அக்கா.

பின்னால் அன்ரி எப்போதோ முழங்காலில் விழுந்து, செபமாலையைக் கையில் எடுத்திருந்தார். அவருக்கு அந்த நேரம் வாயில் வந்தது, புனிதர்களைப் பெயர் பெயராக அழைக்கும் மன்றாட்டு மாலையின் பதில்தான்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"ஏ எட்டு."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"பி இரண்டு."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

இப்படியே போனது. நானும் முழங்காலில் நின்று, எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வந்தேன். புனிதர்களுடைய பெயர்களைச் சொல்லும்போதுகூட நான் அவ்வளவு உருக்கமாக நின்றதில்லை. மதில் முடிந்தது. கிணறு முடிந்தது. படிக்கட்டும் முடிந்தது. எல்லாக் கல்லிலும் கீறல் நின்றது. ஆனால் சி ஐந்து இல்லை.

"சி ஐந்து எங்க, அன்ரி?"

அன்ரி செபத்தை நிறுத்தி யோசித்தார். பிறகு எழும்பி, குசினிக்குப் போய், ஒரு பெரிய போத்தலோடு வந்தார். உள்ளே தேசிக்காய் ஊறுகாய். மிதக்காமல் இருக்க அதன் மேல் பாரமாக வைக்கப்பட்டிருந்தது சி ஐந்து.

"உப்புத் தண்ணிக்குள்ள கல்லுக்கு ஒண்டும் ஆகாதுதானே, பிள்ளை?" என்று மிகவும் பணிவாகக் கேட்டார்.

கற்கள் கிடைத்துவிட்டன. இனிக் குடிலைக் கலைத்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். நான் மதிலில் கை வைத்தேன். தடுக்கும் உரிமை தனக்கில்லை என்று அன்ரி நினைத்திருப்பார். முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பாதர் அன்று காலையில்தான் வந்து குடிலை மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். மந்திரித்த குடிலை, தை மாதத்தில் வரும் மூவிராசாக்கள் திருநாள்வரை கலைப்பதில்லை என்பது அந்த வீட்டின் வழக்கம். பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னிருந்தே அப்படி.

அக்கா அன்ரியின் முதுகைப் பார்த்தார். குடிலைப் பார்த்தார்.

"விடும், தம்பி" என்றார். "ஆய்வுகூடம் பூட்டித்தானே இருக்கு. கனகாலம் மலையில இருந்தவை. ராசாக்கள் வந்து போகட்டும்."

"காந்தம் பட்டது, அக்கா?"

"அது மேலால ஒட்டினது. கொஞ்சம் சூடாக்கப் போயிடும். அடியில இருக்கிறது பழசு. அது இரும்பு நாருக்கும் பயப்பிடாது, அன்ரிக்கும் பயப்பிடாது."

அந்த நத்தாருக்கு வந்தவர்கள் எல்லோரும் குடிலைப் பார்த்து மெச்சினார்கள். அக்கா பக்கத்தில் காவல் நின்று, கிட்டப் போகிறவர்களிடம் பெல்ற்றைக் கழற்றச் சொன்னார்.

மூவிராசாக்கள் வந்து போனார்கள். கற்கள் ஆய்வுகூடத்துக்குப் போயின. காந்தம் எட்டாத அறை ஒன்றில் வைத்து, ஒவ்வொரு கல்லையும் சூளையில் கொஞ்சம் சூடாக்குவார்களாம், அளப்பார்களாம், இன்னும் கொஞ்சம் சூடாக்குவார்களாம். மேலே படிந்த புதுக் காந்தமெல்லாம் உரிந்துபோக, அடியில் இருக்கும் பழைய திசை தெளியும் வரைக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தது, சி ஐந்தின் முறை வரும்வரை. அதைச் சூளையில் வைத்ததும் கட்டடத்தின் அந்த மாடி முழுக்கத் தேசிக்காய் ஊறுகாய் மணத்தது. பேராசிரியர் தன் அறையில் இருந்து வெளியே வந்து, சூளைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இந்தப் பாறையை எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டாராம். பிறகு வழமைக்கு முன்னதாகவே சாப்பிடப் போய்விட்டாராம்.

மலை திரும்பித்தான் இருந்தது. கல்லுக்குக் கல் அதே கதையைச் சொன்னது. பேராசிரியருக்கு வேறு வழியில்லை. அக்காவின் வேலை நீண்டது. அக்கா அன்று பஸ்ஸால் இறங்கி ஓடிவந்ததை நான் ஜன்னலால் பார்த்தேன். பேஸ்மென்ற் ஜன்னலால் தெரிவது சப்பாத்து மட்டும்தான். அந்தச் சப்பாத்துகளே சிரித்துக்கொண்டு வந்தன.

"மலை திரும்பினது உண்மை, அன்ரி."

"எந்தப் பக்கம், பிள்ளை?"

"மணிக்கூட்டு முள்ளுப் போற பக்கம். வலப்பக்கம்."

"பாலனைப் பாக்கத் திரும்பியிருக்கும்."

அக்கா இதை உடனே தள்ளிவிடவில்லை. சப்பாத்தைக் கழற்றியபடி நன்றாக யோசித்தார். "அதை எழுத ஏலாது, அன்ரி. ஆனா இல்லையெண்டு சொல்லவும் என்னட்டை ஆதாரம் இல்லை" என்றார்.

அந்த மலையால்தான் இப்போது இந்தச் சோபா என் நெஞ்சில் கிடக்கிறது. மேற்குக் கரையில், அதே மலைப்பக்கம் இருக்கும் ஒரு நிறுவனத்தில் அக்காவுக்கு நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. நல்ல வேலை. எங்கள் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். காலையில் இருந்து அன்ரி ஒருவரோடும் கதைக்கவில்லை. பயணத்துக்கென்று ஒரு போத்தல் ஊறுகாய் கட்டி லொறியின் முன் ஆசனத்தில் வைத்து, அதற்கு இருக்கைப்பட்டியும் போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார்.

"வடக்கு எந்தப் பக்கம், தம்பி?" என்று அக்கா மறுபடியும் கேட்டார்.

கை இரண்டும் சோபாவில் இருந்ததால் நாடியை நீட்டிக் காட்டினேன். பஸ் தரிப்புக்கு அல்ல, அதைவிடக் கொஞ்சம் வலப்பக்கமாக. இத்தனை காலத்தில் அவ்வளவு படித்திருக்கிறேன். அக்கா மெச்சுதலோடு தலையாட்டி, சோபாவின் அடியில் மையாலும் குறித்து, பேனையாலும் கீறினார். இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் லொறியில் ஏற்றினோம். கதிரைகள், மேசை, பெட்டிகள் எல்லாவற்றிலும் அம்புக்குறி. லொறிக் கதவை மூடினேன்.

அப்போதுதான் அன்ரி வாய் திறந்தார்.

"சோபாவுக்குக் குறி, கதிரைக்குக் குறி, சட்டி பானைக்கும் குறி. நீயும்தானே பிள்ளை இஞ்ச இருந்து போறாய். உனக்கு ஆர் போடுறது?"

அக்கா நின்றார். லொறியைப் பார்த்தார். அது இரும்பு. பாதி பனி கரைந்த புல்லின்மேல் நடந்து அதைவிட்டு நன்றாகத் தள்ளிப் போனார். திசைகாட்டியை எடுத்துப் பார்த்து, முள் அடங்கும்வரை பொறுத்து, அதன்படி திரும்பி நின்றார். பிறகு அன்ரியை அருகே கூப்பிட்டு, மார்க்கரை மூடி கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் குளிரங்கியின் கையை முழங்கைவரை மடித்து, கையை ஆடாமல் நீட்டிக்கொண்டு நின்றார்.